ஏறிய வண்டி ஏன் நிற்கவில்லை? சோலங் – அடல் சுரங்கச் சாலை, டிசம்பர் 2024

2024 டிசம்பர் 23, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த கூட்டத்தால் மணாலி நிரம்பியிருந்தது. பனி பார்க்க வந்தவர்களுக்குப் பனி கிடைத்தது. சோலங் பள்ளத்தாக்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே ஆயிரம் வண்டிகளுக்கு மேல் சிக்கி நின்றன. போலீஸார் இரவு முழுக்க நின்று ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்கள். நான்கு நாள் கழித்து, 27-ஆம் தேதி, அதே கதை மறுபடியும்: சோலங் நாலாவில் சுமார் 1,000 வண்டிகள், அவற்றில் சுமார் 5,000 பேர். எல்லோரையும் பத்திரமாக மீட்டுவிட்டதாகக் குல்லு போலீஸ் அறிவித்தது. அந்த வாரத்தில் இமாச்சலத்தில் வண்டிகள் சறுக்கிய விபத்துகளில் நான்கு பேர் இறந்தார்கள். மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் உட்பட 223 சாலைகள் மூடப்பட்டன.

அந்த மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளிகள் பலருக்கு நினைவிருக்கும். வெண்மையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் கண்ணாடிபோல மினுங்கும் சாலையில் ஒரு லாரி பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டே இறங்கும். ஓட்டுநர் குதித்துத் தப்பிப்பார். வேறொன்றில் ஒரு ஜீப். மலையேறவே பிறந்தது என்று நாம் நம்பும் பெரிய சக்கரமும் உயர்ந்த உடம்பும் கொண்ட வண்டி அது. பொம்மைபோலப் பின்னோக்கி நழுவிப் போகும்.

கீழே கருத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றைத்தான்: "ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைக் கொடுக்கும் வசதி அது. போட்டிருந்தாலும் ஆகியிருக்கும் என்பதுதான் என் பதில். அதோடு விட்டால் அது வெறும் அபிப்பிராயம். அந்தச் சாலையை எடுத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் போட்டு, எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சாலை

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 2020-க்கு முன்னால் குளிர்காலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் காரில் போக வழி கிடையாது. 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங் கணவாய் பனியில் மூடிவிட்டால் வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் அந்தப் பக்கம் தனி உலகம். 2020 அக்டோபர் 3-இல் திறந்த அடல் சுரங்கம் அதை மாற்றியது. நீளம் 9.02 கி.மீ. மணாலி பக்கத்து வாசல் 3,060 மீட்டர் உயரத்தில், ஊரிலிருந்து 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. லாஹௌல் பக்கம், சிஸ்ஸு கிராமத்தை ஒட்டிய வாசல் 3,071 மீட்டரில். மணாலியிலிருந்து லாஹௌலின் தலைமையிடமான கேலாங்குக்குத் தூரம் 46 கி.மீ. குறைந்தது.

ராணுவத்துக்கும் லாஹௌல் மக்களுக்கும் கட்டிய வழி இது. நாளொன்றுக்கு 3,000 கார், 1,500 லாரி என்று கணக்கிட்டு வடிவமைத்தார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது: காலையில் மணாலியில் பரோட்டா, மதியம் சிஸ்ஸுவில் பனி, மாலையில் மறுபடி மணாலி. முன்பு பனியே கதவைச் சாத்திவிடும், யாரும் போகமாட்டார்கள். இப்போது கதவு திறந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் குளிர்காலம் இல்லை. சுரங்கத்துக்கு வெளியே அது எங்கேயும் போய்விடவில்லை.

வாசலில் இருந்து சோலங் வரைக்கும் சுமார் 12 கி.மீ. இறக்கம். சோலங்கின் உயரம் ஏறக்குறைய 2,500 மீட்டர். சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் இறங்குகிறது. சராசரி என்றால் சில இடங்களில் சமதளம், சில இடங்களில் அதைப்போல இரண்டு மடங்கு. கணக்குக்கு 8 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். இமயமலைச் சாலைகளில் இது பயங்கரமான சரிவு ஒன்றும் இல்லை. நம் ஊர் மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்கு இது சாதாரணம்.

இன்னொன்று. சுரங்கத்துக்குள் சாலை உலர்ந்திருக்கும், டயர் நன்றாகப் பிடிக்கும். ஒன்பது கி.மீ. அப்படி ஓட்டி வந்த கைக்கும் காலுக்கும் அந்தப் பிடிப்பு பழகிப்போகும். வாசலைத் தாண்டிய முதல் வளைவில் தரை வேறு. பனிச்சாலையில் ஆபத்தான இடங்கள் எல்லாம் இப்படி நல்ல தரை முடிகிற இடங்கள்தான்.

பத்து ரூபாய்க் கணக்கு

வண்டியின் எடை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் டயர் தரையை 70, 80 அளவுக்குப் பிடிக்கும். ஆட்கள் மிதித்து, வண்டிகள் ஓடி இறுகிய பனியில் அது 20, மிஞ்சினால் 30. பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி ஆகிவிட்டால் 10, சில நேரம் அதற்கும் கீழே.

10 என்றே எடுத்துக்கொள்வோம். 8 சதவீதச் சரிவில் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 8. ஏற வேண்டுமென்றால் சக்கரங்கள் 8-க்கு மேல் தள்ள வேண்டும்.

சாதாரண கார் முன்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் 60 முன்சக்கரங்கள் மேல் அமரும். பின்னால் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் இருந்தால் அது இன்னும் குறையும். ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். போகட்டும், 60 என்றே இருக்கட்டும். அந்த 60-க்குக் கிடைக்கும் பிடிப்பு 6. வேண்டியது 8. வண்டி ஏறாது. முன்சக்கரம் விர்ரென்று சுற்றும், பனி தெறிக்கும், வண்டி அங்கேயே நிற்கும். பின்சக்கர இயக்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம்: 5-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

ஃபோர் வீல் டிரைவ் லீவரைப் போட்ட வண்டிக்கு நான்கு சக்கரமும் தள்ளும். 100 எடையும் வேலை செய்கிறது. கிடைப்பது 10, வேண்டியது 8. ஏறிவிடும். பக்கத்தில் ஆல்ட்டோக்களும் ஸ்விஃப்ட்களும் தவித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவற்றைத் தாண்டிப் போவார். அந்த நிமிஷத்தில் அவர் மனதில் எழும் நம்பிக்கைதான் இந்த நிகழ்வின் மையம்.

இப்போது அதே வண்டி, அதே இடம், திரும்பி இறங்குகிறது. பிரேக் என்பது எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. லட்ச ரூபாய் பழைய காரிலும் இருக்கிறது, இருபது லட்ச ரூபாய் ஜீப்பிலும் இருக்கிறது. ஆகவே பிரேக் போடும்போது இரண்டுக்கும் கிடைப்பது அதே 10. கையில் பத்து ரூபாய். அதில் எட்டு ரூபாயை, வேகம் கூடாமல் பார்த்துக்கொள்வதற்கே சரிவு வாங்கிவிடும். வண்டியை நிறுத்த மிஞ்சுவது இரண்டே ரூபாய்.

இரண்டு ரூபாயில் எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம்? 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 300 மீட்டருக்கு மேல். சரி, 40 யாரும் போகமாட்டார்கள், 20-இல் வருகிறார் என்றால் 79 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க: உலர்ந்த சமதளச் சாலையில் 40-இல் வரும் வண்டி 9 மீட்டரில் நிற்கும். சைக்கிள் வேகத்தில் இறங்கும் ஜீப்புக்கு நிற்க, அதைப்போல ஒன்பது மடங்கு தூரம் வேண்டும். முன்னால் போகும் வண்டி பத்து மீட்டர் தள்ளி நிற்கிறது. அவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு சக்கர இயக்கக் கார் இந்த இடத்துக்கு வரவே இல்லை என்பது. பிடிப்பு 8-க்கும் சுமார் 13-க்கும் நடுவே இருக்கும் தரையில் அது ஏறாது. ஏறாமல் நின்று, ஓட்டுநரைத் திட்டவைத்து, "இன்னைக்கு வேண்டாம், திரும்பு" என்று சொல்லிவிடுகிறது. அந்தத் தவிப்பு ஒரு எச்சரிக்கை மணி. ஃபோர் வீல் டிரைவ் அந்த மணியைக் கழற்றி வைத்துவிடுகிறது. தன்னால் ஏற முடிந்த, ஆனால் நிற்க முடியாத ஒரு தரைக்கு ஆளைக் கொண்டுபோய் விடுகிறது.

கனமான வண்டி "நல்லா உக்காந்து போகும்" என்றொரு நம்பிக்கையும் உண்டு. எடை இரு மடங்கானால் பிடிப்பும் இரு மடங்கு, நிறுத்த வேண்டிய சுமையும் இரு மடங்கு. கணக்கில் எடை அடிபட்டுப் போய்விடும். மோதும்போது மட்டும் அடிபடாது.

வளைவும் இப்படித்தான். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை 20 கி.மீ. வேகத்தில் திருப்ப 16 வேண்டும். இருப்பது 10. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். 10 கி.மீ.க்குக் குறைத்தால் 4 போதும். திருப்புகிற நேரத்திலேயே பிரேக்கையும் மிதித்தால் இரண்டும் ஒரே பத்து ரூபாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். பிரேக் முழுதையும் எடுத்துக்கொண்டால் ஸ்டியரிங்குக்குச் சல்லிக்காசு மிஞ்சாது.

மாலை

காலையில் போனவர்களுக்குச் சாலை நன்றாகத்தான் இருந்திருக்கும். புதுப்பனிக்குக் கொஞ்சம் பிடிப்பு உண்டு. டயர் பள்ளங்களில் பனி நிரம்பி, பனியோடு பனி ஒட்டும். அதே இடத்தில் நூறு வண்டிகள் ஏறி இறங்கி அழுத்தினால் அது இறுகும். சக்கரங்கள் சுற்றிச் சுற்றிச் சூடாக்கித் தேய்த்தால் பாலீஷ் போட்டதுபோல் ஆகும். மதிய வெயில் மேல்பரப்பை உருக்கும். வெயில் மலைக்குப் பின்னால் மறைந்ததும் அந்த ஈரம் உறையத் தொடங்கும்.

பனிக்கட்டி மிகவும் வழுக்குவது கடுங்குளிரில் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் மைனஸ் 20-இல் இருக்கும் கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு இருக்கும் கட்டிதான் மோசம். கூட்டம் சிஸ்ஸுவிலிருந்து திரும்பும் நேரமும் சாலை அந்த நிலைக்கு வரும் நேரமும் ஒன்று. 10-க்கும் கீழே போவது இப்போதுதான். மேலே போட்ட கணக்கில் பிடிப்பு 8-க்குக் கீழே வந்துவிட்டால் நிற்கும் தூரம் என்று ஒன்று கிடையாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி வேகமெடுக்கும்.

இதில் ஒரு வண்டி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் வருபவை எல்லாம் சரிவில் நிற்க வேண்டும். நின்ற வண்டியை மறுபடி எடுப்பது ஓடும் வண்டியை ஓட்டுவதைவிடச் சிரமம். நம் ஆட்களுக்குப் பொறுமை போதாது. வலதுபக்கம் காலியாக இருக்கிறதே என்று ஒருவர் முந்துவார், அவர் பின்னால் பத்துப் பேர். ஏறுவதற்கான பாதையும் அடைபட்டது. பனி அள்ளும் எந்திரமும் மணலோடு வரும் லாரியும் மேலே வர வழி இல்லை. பனி பெய்துகொண்டே இருக்கிறது. ஆயிரம் வண்டி சேர இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

குதித்தபின் வண்டி ஏன் போனது

காணொளிகளில் ஓட்டுநர் இறங்கியதும் வண்டி தன்பாட்டுக்குக் கிளம்புகிறதே, அது பலருக்குப் புரியவில்லை. ஹேண்ட் பிரேக் போடவில்லை என்று திட்டினார்கள். போட்டிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது. கால் பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். கால் மிதித்திருக்கும்வரை 10. காலை எடுத்து ஹேண்ட் பிரேக்குக்கு மாறினால் பின்பக்க எடைக்கு உரிய நான்கரை, ஐந்துதான். சரிவு இழுப்பது 8. முன்சக்கரங்கள் தடையில்லாமல் உருளும், பின்சக்கரங்கள் பூட்டிய நிலையிலேயே வழுக்கும்.

இங்கே ஃபோர் வீல் டிரைவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். மகிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற ஜீப்களில் இருப்பது பழைய முறை: லீவரை 2எச் (இரண்டு சக்கர இயக்கம்) நிலையிலிருந்து 4எச் (நான்கு சக்கர இயக்கம்) நிலைக்குத் தள்ளினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்படும். இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. அந்த நிலையில் ஹேண்ட் பிரேக் போட்டால் பின்சக்கரங்களைப் பிடிப்பது முன்சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். கியரிலும் விட்டால் இன்னும் நல்லது. எனவே சறுக்கும் சரிவில் நிறுத்த வேண்டி வந்தால் லீவரை 2எச்-க்குத் திருப்பாமல் 4எச்-இலேயே, கியரிலேயே விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்க வேண்டும். தார்ச்சாலையில் பழகியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: நிறுத்தியதும் எல்லாவற்றையும் நியூட்ரலுக்குக் கொண்டுவருவது.

இறக்கத்திலும் அந்தப் பூட்டு உதவும். பின்சக்கர வண்டியை முதல் கியரில் இறக்கினால் எஞ்சின் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். கண்ணாடிப் பனியில் அதுவே அவற்றை வழுக்கவைத்து, வால் முன்னால் வந்துவிடும். நான்கும் பூட்டியிருந்தால் எஞ்சினின் இழுவை நான்குக்கும் பரவும். 4எல்-இல் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, வலுவான கியர் நிலையில்) முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி நடக்கும் வேகத்தில் ஊர்ந்து இறங்கும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். பல வண்டிகளில் 4எல் போட்டதும் இஎஸ்பி (சறுக்கலைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) அணைந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வேகத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை.

வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் "ஏறின கியர்லயே இறங்கு" என்று சொல்லித்தருவார்களே, அதேதான் இது. அங்கே பிரேக் சூடாகிவிடக்கூடாது என்பதற்காக. இங்கே சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. இருந்தாலும் எஞ்சினும் டயர் வழியாகத்தான் தரையோடு பேச வேண்டும். அதே பத்து ரூபாய். 4எல் செய்வது, இரண்டு ரூபாயை வைத்துக்கொண்டு சமாளிக்கும் அளவுக்கு வேகத்தை முன்கூட்டியே குறைத்துவைப்பது. 30-இல் சறுக்கத் தொடங்கியபின் 4எல் தேடுகிறவருக்கு அது உதவாது. நின்றோ ஊர்ந்தோதான் அதைப் போட முடியும்.

தடுப்பில் நிற்கும் காவலர்

பனி பெய்தால் மணாலி பக்கத்துப் போலீஸ் நேரு குண்ட் அல்லது சோலங் தடுப்பில் வண்டிகளை நிறுத்தி, "ஃபோர் பை ஃபோர் மட்டும்", அதாவது ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டும், என்று அனுப்புவது வழக்கம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கூட்ட நெரிசலில், கொட்டும் பனியில், ஒரு வண்டிக்குப் பத்து விநாடி கிடைக்கும் காவலரால் வேறு எதைப் பார்க்க முடியும்? ஏறாமல் நின்று வழியை அடைக்கும் வண்டிகளை இந்த விதி வடிகட்டுகிறது. நெரிசலுக்கு அது நல்ல மருந்து. சறுக்கலுக்கு மருந்து என்று பயணிகள் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

விதி முழுதாக வேலை செய்கிறதா என்பதும் கேள்வி. 2023 ஜனவரியிலிருந்து தார் பின்சக்கர இயக்கத்தோடும் விற்கிறது. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஃபோர் வீல் லீவர் இருக்காது. பனியில், முன்சொன்ன கணக்குப்படி, அது ஆல்ட்டோவைவிட மோசமாக ஏறும். வாடகைக்கு எடுப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வண்டி எடுப்பது எனக்கே நடந்தது. அடுத்த குளிர்காலத்தில் அதே சாலைக்காக ஒரு ஜீப் எடுத்தேன். லீவர் இருக்கிறதா என்று பெருமையாகப் பார்த்தேன், இருந்தது. டயரைப் பார்க்கத் தோன்றியது வழியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். "3218" என்று இருந்தது: 2018-ஆம் வருஷம் 32-ஆவது வாரம். டயரின் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டைகள்) பார்க்க ஆழமாகத்தான் இருந்தது, நகத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் மரக்கட்டைபோல. கொடுத்த பையனிடம் போனில் கேட்டேன். "சார், ஃபோர் பை ஃபோர் சார், ஒண்ணும் ஆகாது" என்றான், உடைந்த இந்தியில் நான் கேட்டதற்கு அதைவிட உடைந்த ஆங்கிலத்தில். சோலங்குக்கு மேலே ஒரு சின்ன இறக்கத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், பிரேக்கை மெல்ல மிதித்தேன். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது. இரண்டு கார் நீளம் போய், ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது. சேதம் ஒன்றுமில்லை. கூட வந்த மச்சான் மட்டும் இறங்கி நடந்தே வருகிறேன் என்று அடம்பிடித்தான்.

மற்ற ஊர்களில் என்ன கேட்கிறார்கள்

பனியோடு பல தலைமுறை வாழ்ந்த ஊர்களின் சட்டங்களைப் பார்த்தால், தடுப்பில் கேட்கும் கேள்வியே வேறு. ஜெர்மனியில் 2010 முதல், சாலையில் பனியோ கட்டியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். எத்தனை சக்கர இயக்கம் என்பது பற்றிப் பேச்சே இல்லை. 2024 அக்டோபர் முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை இருக்கும் டயர்தான் செல்லும். முன்பு போதுமாக இருந்த "எம்+எஸ்" எழுத்து இப்போது போதாது. அந்த எழுத்தை டயர்க்காரரே பட்டன் வடிவத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மலை முத்திரைக்குப் பனியில் சோதித்துத் தேற வேண்டும். கனடாவின் க்யூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எல்லாக் கார்களுக்கும் குளிர்கால டயர் கட்டாயம்.

அமெரிக்காவின் கொலராடோ சுவாரசியமான இடைநிலை. டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 சாலையில், மோரிசன் முதல் டோட்ஸெரோ வரை, செப்டம்பர் முதல் மே வரை ஒரு விதி உண்டு. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அதோடு நிறுத்தமாட்டார்கள்: டயர் பட்டன் ஆழம் 3/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.8 மி.மீ., இருக்க வேண்டும். நம் ஊரில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. கொலராடோவும் மணாலிபோலத்தான், வார இறுதியில் ஊரே பனியாட்டத்துக்குக் கிளம்பி ஒரே சுரங்கத்தில் நுழைகிற இடம். 3,401 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து மேற்கே இறங்கும் சரிவு 7 சதவீதம். நான் மேலே போட்ட கணக்கு அங்கேயும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

டயர் அவ்வளவு முக்கியமா? சாதாரண ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் கலவை குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்தது. பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான நுண்கீற்றுகள் இருக்கும், அவை பனியைக் கவ்வும். சேற்றுக்கென்று வரும் பெரிய பட்டன் டயர், ஜீப்களில் அழகுக்காக மாட்டுகிறார்களே, ஆழமான புதுப்பனியில் நன்றாகத் தோண்டும். கண்ணாடிப் பனியில் அந்தப் பெரிய கட்டைகளுக்குக் கவ்வ விளிம்பு இல்லை. பார்க்க மிரட்டும் டயர் அங்கே, பார்க்கச் சாதாரணமான குளிர்கால டயரிடம் தோற்கும்.

நான்கு சக்கர இயக்கம் அந்தப் பத்தை எத்தனை சக்கரங்களுக்குப் பிரிப்பது என்று முடிவு செய்கிறது. டயர்தான் அது பத்தா பதினைந்தா என்று முடிவு செய்கிறது. மேலே சொன்ன இறக்கத்தில் பத்து பதினைந்தானால் மிச்சம் 2-லிருந்து 7 ஆகும். 20 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் 79 மீட்டரிலிருந்து 22 மீட்டர். டொரண்டோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் நவம்பரில் டயர் மாற்ற வரிசையில் நிற்பது எதற்கு என்பது இதில் புரியும்.

இந்தியாவில் குளிர்கால டயர் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. மணாலியில் நடைமுறையில் இருப்பது டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. வழியோரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடிப் பனியில் வெறும் டயரைவிட நன்றாகக் கடிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நான்குக்கும் மாட்டுவது உத்தமம். இரண்டுதான் இருக்கிறது என்றால் எந்த அச்சில் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரு பிரச்சினை இருக்கிறது: பின்னால் மட்டும் மாட்டினால் ஸ்டியரிங் கேட்காது, முன்னால் மட்டும் மாட்டினால் இறக்கத்தில் வால் வீசும். ஆல்ட்டோவில் சங்கிலி மாட்டிய உள்ளூர் டிரைவர், சங்கிலி இல்லாத ஜீப்பைத் தாண்டி நிதானமாக இறங்கிப் போவதை அங்கே பார்க்கலாம். அவர் ஹாரன்கூட அடிக்கமாட்டார்.

திரும்பப் போவதாக இருந்தால்

டிசம்பர் 23-ஐ மறுபடி ஓட்டிப் பார்த்தால், மாற்றியிருக்கக்கூடியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மதியம் இரண்டு மணிக்கே சிஸ்ஸுவிலிருந்து கிளம்பியிருக்கலாம். சுரங்க வாசலில், உலர்ந்த தரையிலேயே, 4எல்-க்கு மாற்றியிருக்கலாம். வெளியே சரிவில் நின்று மாற்றுவது தாமதம். முன்வண்டி வளைவைக் கடந்து கண்ணிலிருந்து மறையும்வரை நாம் இறங்காமல் இருந்திருக்கலாம், பின்னால் இருப்பவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும். தடுப்பில், லீவரோடு டயரையும் தொட்டுப் பார்த்திருக்கலாம், டிக்கியைத் திறந்து சங்கிலி இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குக் காவலருக்கு இன்னொரு பத்து விநாடி வேண்டும்.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது ஒரு சோதனை. மணாலியிலிருந்து ஏறும் வழியில், சமதளமாக, காலியாக, பனி இறுகிய ஓரிடம் எப்படியும் வரும். கூட வந்தவர்களை இறக்கிவிட்டு, 20 கி.மீ. வேகம் எடுத்து, ஒரு கல்லைத் தாண்டும்போது பிரேக்கை மிதியுங்கள். நின்றபின் இறங்கிக் கல்லுக்கு நடந்து போங்கள். எட்டு மீட்டர் வந்தால் தரையின் பிடிப்பு 20. 8 சதவீத இறக்கத்தில் அதே வண்டி 13 மீட்டரில் நிற்கும், மேலே போகலாம். பதினாறு மீட்டர் வந்தால் பிடிப்பு 10. அதே இறக்கத்தில் 79. லீவர் எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பதினாறு பதினாறாகத்தான் வரும். பிறகு நானே இந்தச் சோதனையைச் செய்து நடந்தபோது எனக்குப் பத்தொன்பது காலடி வந்தது. மீட்டரில் ஏறக்குறைய பதினான்கு. சோலங்கிலேயே பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.